ஒதறியது வண்டி, உன் கை அல்ல

பாய்,

இன்றைக்கு முதியோர் வகுப்பில் 'கை' எழுதக் கற்றுக்கொண்டேன். உனக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு இன்னும் வரவில்லை, வாயால்தான் சொல்கிறேன். 'க'வுக்கு முன்னால் சங்கிலிக் கொம்பைப் போட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே எழுத்து, அதுவே முழுச் சொல். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. மறுபடி எழுதினேன். பலப்பம் விரலில் நிற்காமல் கோடு நெளிந்தது. பக்கத்தில் உட்காரும் காசிமேட்டு மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெர்சு, கை ஒதறுது? நேத்து எங்கனா ஊத்திக்கினியா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. உன் சோற்றைப் பறித்த சொல் அல்லவா அது.

தண்டையார்பேட்டையில் என் பஞ்சர் கடை வாசலில் உன் முதலாளியின் கறுப்புக் காரை நிறுத்திவிட்டு நீ இறங்கிய காலை ஞாபகம் இருக்கிறது. "நைனா, காலடிப்பேட்டை தாண்டி எண்ணூர் ரோட்ல கொஞ்சம் அழுத்தினா கை ஒதறுது. பேஜாரா கீது" என்றாய்.

உன் பேச்சே அப்படித்தான். பெட்ரோல் குறைந்தால் "பசிக்குது" என்பாய். டயரில் காற்று இறங்கினால் "கால் வலிக்குது" என்பாய். வண்டிக்கும் உனக்கும் நடுவே கோடு போட உனக்குத் தெரியாது. எனக்கு அது பழக்கம் என்பதால் நேராக வண்டியைப் பற்றியே கேட்டேன்.

"ஊருக்குள்ள போறப்ப?"

"ஒண்ணும் இல்ல. நாப்பது மைல்ல ஆரம்பிக்குது. இன்னும் அழுத்தினா தானா அடங்கிடுது."

"சீட்ல தெரியுதா?"

"சீட்ல இல்ல. ஸ்டீயரிங்க புடிச்ச கையில மட்டுந்தான்."

சீட்டில் தெரிந்தால் பின் சக்கரத்தைச் சந்தேகப்படலாம். கையில் மட்டும் என்றால் முன் சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கினோம். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், மூட்டுகளில் தேய்மானம் இல்லை. பிறகு சக்கரத்தை மெதுவாகச் சுற்றி விட்டேன். நின்றது. மறுபடி சுற்றினேன். அதே இடம் கீழே வந்து நின்றது. நீ சுற்றிப் பார்த்தாய், அப்போதும் அதே இடம்தான்.

டயரைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. யுத்த காலத்தில் டயர் கிடைக்காமல் எவரோ வெடிப்புக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்திருந்தார்கள். சக்கரத்தில் ஒரு பக்கம் கனம். மெதுவாகப் போகும்போது அது சும்மா இருக்கும். வேகம் எடுத்தால் சுத்தியல் மாதிரி அடிக்கும்.

"அப்போ வேற டயர் போட்டா செரியாப் பூடும்" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

நேரே போய் முதலாளியிடம் சொன்னாய். உன் பாஷையிலேயே சொன்னாய். "முதலாளி, எண்ணூர் ரோட்ல கை ஒதறுது." அடுத்த வார்த்தைக்கு இடம் கொடுக்காமல் அவர் உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மதுவிலக்கு வந்த புதிது. கை ஒதறுகிறது என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம், திருட்டுக் குடி. பின் சீட்டில் சாய்ந்து வருகிறவருக்கு முன் சக்கரத்தின் நடுக்கம் எப்படித் தெரியும்?

மறுநாள் இருவரும் அவருடைய ராயபுரம் கிடங்குக்குப் போனோம். டயரைக் கழற்றிக் காட்டுகிறேன் என்றேன்.

"தோஸ்துக்கு தோஸ்து சாட்சியா? அவன் வாயாலயே சொன்னான். நான் புள்ளகுட்டிக்காரன்."

"நான் அஞ்சு வேளை தொழுறவன், முதலாளி" என்றாய்.

"தொழுற கை எதுக்குய்யா ஒதறுது?"

கிடங்கு ஆட்கள் சிரித்தார்கள். நீ சாவியைச் சட்டையில் துடைத்து மேசைமேல் வைத்தாய். துடைத்து ஏன் கொடுத்தாய் என்று அன்று முழுக்க உன்மேல் எனக்குக் கோபம்.

பிறகு எவரும் உன்னை வண்டியில் உட்காரவிடவில்லை. துறைமுகத்தில் கைவண்டி இழுத்தாய். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் உன் மூச்சை மோந்து பார்த்தார் என்று ஒருநாள் சொன்னாய். அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் உடைந்தது.

உன் இடத்துக்கு வந்த புது டிரைவரும் அந்த நடுக்கத்தைக் கண்டான். "சார், வண்டி ஒதறுது" என்றான். மறுநாளே புது டயர் வந்தது. என் கடையில்தான் மாட்டினான், அவனே சொன்னான். நான் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ கைவண்டியில் சாய்ந்துகொண்டாய்.

"வண்டின்னு சொல்லியிருக்கணும் நைனா. நான் கைன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி உன்னைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். நீ எதிர்பார்த்தாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் இருமலோடு போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த பிறகு ஒருநாள் அந்தக் கார் பஞ்சராகி என் கடைக்கு வந்தது. முதலாளி இறங்கி நின்றார்.

"பாய் போயிட்டானாமே. நல்ல டிரைவர். பாவம், குடி கெடுத்துடுச்சு."

"குடி இல்லீங்க. டயரு. நீங்கதானே மாத்தினீங்க?"

அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டினார். "வுடுப்பா. செத்தவனைப் பத்தி நான் இனிமே தப்பாப் பேச மாட்டேன்."

உன்னை மன்னித்துவிட்ட முகத்தோடு வண்டியில் ஏறிப் போனார். நீ செய்யாத தப்புக்கு, நீ கேட்காத மன்னிப்பு. அதை என் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனார், பாய். இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.