பதினாறு ஆண்டுப் புது ஆள்

அக்கா, ஒப்பந்த ஊழியர்களுக்கு ஆண்டு முடிவில் கொடுக்கும் வேலைக் கடிதம் இன்று காலை மறுபடியும் என் மேசைக்கு வந்தது. "இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்கலா, டீச்சர்" என்று மேலாளர் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் வரியில் அதே சொல்: 'அஃப்ரெஷ்' ஆக விண்ணப்பிக்கவும். அதை அங்கே வைத்தவள் நான். உங்களுக்கு அது தெரியாது.

முன்பு அந்த வரி கோணலாக இருந்தது. திருத்தி இந்தச் சொல்லைப் போட்டேன். நடந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது என்று வகுப்பில் அதற்குப் பொருள் சொல்வேன். பழைய தாளில் அடித்தெழுதாமல் வெள்ளைத் தாளை எடுப்பதுபோல என்பேன். அழகான சொல் என்று நம்பியிருந்தேன்.

நம் கல்லூரி நூலக முகப்பில் நீங்கள் பதினாறு ஆண்டுகள் இருந்தீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலை முடியும். பத்து நாள் சுங்கை பினாங் வீட்டில் இருந்துவிட்டு, ஜனவரியில் புதிய ஆளாகத் திரும்புவீர்கள். "புதுப் பொண்ணு வந்திருக்கேன், யாராச்சும் வேலை கத்துக் குடுங்கலா!" நாங்கள் சிரித்தோம். படித்தவர்கள்தான் எல்லோரும்.

அந்தக் கடைசி ஜனவரியில், மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அறுவைச் சிகிச்சைக்கு விடுப்புக் கேட்டீர்கள். "புது ஆளுக்கு மூணு மாசம் ப்ரொபேஷன், அக்கா. நீளமா எம்சி லீவு எடுத்தா வேலை போயிரும்" என்றார் மேலாளர். கடிதத்தை என்னிடம் நீட்டினீர்கள். "இதுக்கு என்னாம்மா அர்த்தம்? என் பதினாறு வருசம் எங்க போச்சு?" பொருளைச் சொன்னேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. ஏப்ரல்வரை பொறுத்தீர்கள். அதற்குள் நோய் பரவிவிட்டது.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் என்ன சொன்னார் தெரியுமா? "பதினாறு ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்தவர்." இறந்த பிறகு எண்ணத் தெரிந்திருக்கிறது!

இன்று கடிதத்தை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்து, அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "வார்த்தைய மாத்துனா பாலிசி மாறாது, டீச்சர்" என்று சிரித்தார். அதில் தவறில்லை. நேராக நூலகத்துக்குப் போனேன். உங்களைப்போலவே டிசம்பரில் அனுப்பப்படும் நான்கு பெண்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போடுமுன், இப்படி ஆண்டுதோறும் புது ஆளாக்குவது சரியா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள், நானும் வருகிறேன் என்றேன். பிறகு, உங்கள் கடிதத்திலும் இருந்த அந்த வரியை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

மூவர் தலை குனிந்துகொண்டார்கள். இப்போது உங்கள் நாற்காலியில் இருப்பவள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மை தெரிந்திருந்தால் நீங்கள் என்னைப் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. அதை வைத்திருக்கிறேன், அக்கா.