யாழுக்குப் புது நரம்பு

என் வீட்டுக்காரருக்கு,

இதை நர்ஸைப் படிக்கச் சொல்லுங்கள். கண்கட்டை எப்போது பிரிப்பார்கள் என்று டாக்டரிடம் கேட்கப் போனேன். ஒரு கண் தேறாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பல நூறு ஆண்டுகளாக யாரும் மீட்டாத யாழை நாம் மறுபடி செய்தோமே, அதன் நரம்பு அறுந்து உங்கள் முகத்தில் அடித்த அன்றே, "அடுப்புல போடும்மா" என்றார் என் அண்ணன். கோடரியை எடுத்தேன். ஓங்க மனம் வரவில்லை.

இன்று புது நரம்பு கட்டினேன். முறுக்க முறுக்க மரம் முனகியது. "விட்டுடு, தெறிக்கப் போகுது!" என்று அண்ணன் வெளியே ஓடினார். நீங்கள் வந்ததும் அதைத் தொடாமல் இருக்கமாட்டீர்கள். அதனால் முகத்தை அருகில் வைத்து நானே முதலில் மீட்டினேன்.

அறுபடவில்லை, வீடு நிறைய ஒலித்தது.

யாழ் வாசிக்கும்போது போட்டுக்கொள்ள, நரம்பு தெறித்தாலும் கண்ணில் படாதபடி உங்களுக்குக் காப்புக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும்தான்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி