நாற்பது மில்லிகிராம் விரியன் நஞ்சு

அனுப்புநர்
வை. சங்கரநாராயணன்,
பிரிவு அலுவலர், மத்திய அரசு அலுவலகம்,
லோதி ரோடு, புது தில்லி.

பெறுநர்
உயர்திரு அனுமதி அலுவலர் அவர்கள்,
வன உயிரினப் பொருள் போக்குவரத்துப் பிரிவு,
சென்னை.

பொருள்: சுருட்டை விரியன் நஞ்சு 40 மி.கி. தில்லிக்கு அனுப்ப அனுமதி – ஐந்து மாதத் தாமதம் – புகார்.

பார்வை: என் முந்தைய மனுக்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஸ்ம்ருதி இங்கே ஆராய்ச்சி மாணவி. இந்த நஞ்சிலிருந்து ஒரு சிறு புரதத் துண்டைப் பிரித்தெடுக்கிறாள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். மாரடைப்புக்கு மருந்தாகலாம் என்கிறார்கள். ஆய்வேட்டைச் செப்டம்பருக்குள் ஒப்படைக்க வேண்டும்.

2. தங்கள் அலுவலகம் முதலில் எத்தனை பாம்பு என்று கேட்டது. பாம்பே இல்லை, உலர்ந்த பொடி, ஒரு சிட்டிகைகூடத் தேறாது என்று எழுதினேன். அடுத்து, பாம்பைத் திருப்பி அனுப்பும் தேதியைக் கேட்டது. சென்ற வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால், தங்கள் எழுத்தர், "ஏன் சார், டெல்லியில பாம்பே கிடையாதா?" என்கிறார். ஐயா, நானும் முப்பத்திரண்டு வருடமாகக் கோப்பு பார்ப்பவன். தூங்கும் கோப்பு எது என்று எனக்குத் தெரியாதா?

3. மூன்று ஆண்டாக அவளுடைய பரிசோதனைகள் எல்லாம் என் ரத்தத்தில்தான் நடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, கடைசிப் பரிசோதனைக்கும் அதே ரத்தம் வேண்டும். ரத்தம் கொடுப்பவர் பத்து நாள் முன்பிருந்தே ஆஸ்பிரின் தொடக்கூடாது. தொட்டால் ரத்தம் உறையும் விதமே மாறிவிடும். எனக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு சரி.

4. இம்மாதம் இரண்டாம் தேதி பஸ்ஸுக்கு ஓடியபோது மார்பில் வலி. அன்றிலிருந்தே ஆஸ்பிரின், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் மருத்துவர். வாங்கிவிட்டேன். பத்தொன்பது நாளாகச் சட்டைப்பையிலேயே இருக்கிறது. படியேறும்போதெல்லாம் கை அங்கேதான் போகிறது. மகளிடம் சொன்னால் ஆராய்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையை என் வாயில் திணிப்பாள். அதனால் சொல்லவில்லை. முட்டாள்தனம் என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனாலும், நாளைக்கு அனுமதி வந்துவிடும் என்று நினைத்தே ஒவ்வொரு நாளும் கழிகிறது.

ஆகவே, உடனே அனுமதியில் கையெழுத்திட வேண்டுகிறேன். பொடி வந்ததும் ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரையை விழுங்குவேன். முடியாது என்றால் அதையாவது தந்தியில் தெரிவியுங்கள். தந்தி கண்ட நிமிடமே விழுங்குவேன். இரண்டில் ஒன்று சொல்லுங்கள், ஐயா. தங்கள் மௌனத்தைத்தான் என் நெஞ்சு தாங்காது.

இடம்: புது தில்லி
நாள்: 21.8.1999

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வை. சங்கரநாராயணன்

குறிப்பு: பதிலை மேற்கண்ட அலுவலக முகவரிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வரும் தபாலை ஸ்ம்ருதிதான் பிரிப்பாள்.