தென்கரை மலை பஸ்

படகுத்துறை விடுதி, சாவ்தியன்மென்,
சோங்சிங்
9 அக்டோபர் 1995

அன்புள்ள சூயூன்,

நீயும் சியாங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஷென்யாங்கிலிருந்து எங்கள் தொழிற்சாலையின் மூத்த ஆட்களைச் சுற்றுலா அழைத்து வந்திருக்கிறார்கள். பதினான்காம் தேதி காலை இங்கே கப்பல் ஏறி, மூன்று மலையிடுக்குகளையும் பார்த்துக்கொண்டு யாங்சே ஆற்றோடு போகிறோம். அதுவரை இந்த ஊரில்தான் இருப்போம்.

இதே ஊரில் குடும்பம் நடத்தியவன் நான் என்றால் கூட வந்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள். விடுதிக்கும் தபால் நிலையத்துக்கும் வரைபடத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. போய்ப் பார்த்தால் தபால் நிலையம் தலைக்கு மேலே நிற்கிறது. மூங்கில் தடியோடு உட்கார்ந்திருந்த சுமைக்காரரிடம் வழி கேட்டேன். "மேல போகணுமா? அப்ப முதல்ல கீழ இறங்குங்க அண்ணே" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து அரை மணி நேரம் வீணாகச் சுற்றினேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சூயூன், நம் மகள் சியாங்கை ஒரு தடவை பார்க்க வேண்டும். உங்களை விட்டு நான் போனபோது அவளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. இப்போது வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொல்லிக் கேட்டேன். வீட்டுக்கு வாருங்கள் என்று நீ எழுத மாட்டாய். எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன்.

மெங் குவோலியாங்


10 அக்டோபர்

மெங் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. இங்கே இருவரும் நலம். ஷென்யாங்கில் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்கட்டும்.

சியாங்கிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றாள். அவளை நான் எதற்கும் வற்புறுத்துவதில்லை.

அதுவரை அறையில் சீட்டாடிப் பொழுதைப் போக்காதீர்கள். நீங்கள் இங்கே இருந்தபோது யாங்சேயைக் கடக்க ரோப் கார் கிடையாது. நாளைக் காலை சியாவ்ஷிட்ஸு சந்திப்புக்கு ஏறி வாருங்கள். மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறுங்கள். அங்கே யாரைக் கேட்டாலும் ரோப் கார் நிலையத்தைக் காட்டுவார்கள். அக்கரையில் இறங்கியதும் தென்கரை மலைக்குப் போகும் பஸ் நிற்கும். வேன்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், போகாதீர்கள். பஸ்ஸிலேயே ஏறுங்கள். கண்டக்டர்களுக்கு இங்கே வாய் கொஞ்சம் நீளம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். திரும்பும்போது படகில் வந்தால் முழங்காலுக்கு நல்லது.

காரம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நூடுல்ஸ் கடையில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

லுவோ சூயூன்


11 அக்டோபர்

அன்புள்ள சூயூன்,

நீ சொன்னபடியே போய் வந்தேன். ரோப் காரில் பாதி ஆறு தாண்டியதும் பனிமூட்டத்தில் இரண்டு கரையும் மறைந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் முட்டைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் கம்பியை விடவே இல்லை.

மலை பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பெண். வாயா அது! நான் ஏறியதுமே, "வடக்கத்தி மாமா, கதவுல சாயாதீங்க! விழுந்து தொலைச்சீங்கன்னா உங்க வீட்டுக்கு யாரு தகவல் சொல்றது?" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. நானும் விடவில்லை. "உன்னைப் பெத்தவன் பாடு கஷ்டம்தான்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவருக்கென்ன, சுகமா இருக்காரு" என்றாள். சிரிப்பு இன்னும் பலமானது.

ஆனால் மனசு நல்லதுதான். ஓர் இளைஞனை எழுப்பிவிட்டு எனக்கு இடம் பிடித்துத் தந்தாள். ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்றேன். "இருந்தா பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுக்கப் போய்விட்டாள்.

சியாங் யோசித்து முடித்தாளா? கப்பல் புறப்பட இன்னும் நாள் இருக்கிறது.

குவோலியாங்


12 அக்டோபர்

குவோலியாங்,

அந்தக் கண்டக்டர்தான் சியாங்.

சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. உங்களை அந்த பஸ்ஸுக்கு அனுப்பச் சொன்னதே அவள்தான். "அவரா என்னைத் தெரிஞ்சுக்கிட்டார்னா, ராத்திரி சாப்பாட்டுக்குக் கையோட கூட்டிட்டு வரேன். தெரியலைன்னா விட்டுடணும்மா" என்றாள்.

மீன் வாங்கி வைத்திருந்தேன். காரம் போடாமல் உங்களுக்கென்று தனியாகச் செய்தேன். அவள் தனியாக வந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன் மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். "யாரைம்மா பாக்கிற?" என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். நீங்கள் கதவில் சாய்ந்து நின்றதையும் உங்கள் வடக்குப் பேச்சையும் நடித்துக் காட்டினாள். "பெத்தவன் பாடு கஷ்டம்னு அவரே சொல்றாரும்மா" என்றவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. என் சிறுவயது முகம் அப்படியே அவளுக்கு என்று தெருவே சொல்லும். அவளை விடுங்கள், சின்னக் குழந்தையாக விட்டுப் போனீர்கள். என் முகமுமா மறந்துவிட்டது?

கப்பல் போகும்வரை அவள் வேலைக்குப் போகப் போவதில்லை. தேட வேண்டாம்.

சூயூன்


13 அக்டோபர்

சூயூன்,

தேட வேண்டாம் என்றாய். தேடினேன். காலையில் முதல் பஸ்ஸில் ஏறினேன். மலை உச்சி வரை போய், அதே பஸ்ஸில் கீழே வந்து, அடுத்ததில் ஏறினேன். நாள் முழுக்க இதே வேலை. எங்கே திரும்பும், எங்கே குலுக்கும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நான் கதவில் சாயவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வயதான ஆண் கண்டக்டர். என்னை மதியமே கவனித்திருக்கிறார் போல. "என்ன பெரியவரே, இறங்க மனசே வரலியா?" என்று கேட்டார்.

மெங் சியாங் என்ற பெண் எப்போது வேலைக்கு வருவாள் என்று கேட்டேன்.

"மெங்கா? அந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் இல்லியே. லுவோ சியாங்னு ஒருத்தி இருக்கா, நம்ம சின்ன லுவோ. லீவுல போயிருக்கா. அவளையா கேக்கறீங்க?"

இப்போது அவளுக்கு உன் குடும்பப் பெயர். ஆமாம் என்றேன்.

"நீங்க அவளுக்கு யாரு?"

பஸ்ஸில் கூட்டமே இல்லை. சொல்லியிருந்தால் கேலி செய்ய ஆளில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் என்றேன்.

அவர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மெங் குவோலியாங்