பின் சீட்டில் உன் அப்பா

போப்பரிங்கே
அக்டோபர் 24, திங்கட்கிழமை

அன்புள்ள ஹில்டே கண்ணுக்கு,

இங்கே அப்பாவும் நானும் எலும்பு எதுவும் உடையாமல் நலம். எலும்பு எங்கே வந்தது என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை க்ரெய்க்கும் ஃபின் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும், இங்கே பெல்ஜியத்தில் பியருக்குப் போடும் ஹாப் கொடிகளையெல்லாம் அறுத்து இறக்கிவிட்டார்கள், வெறும் கம்பங்கள்தான் வரிசையாக நிற்கின்றன, மழை விட்டபாடில்லை. போன வாரம் போனில் நீ அப்பாவின் சைக்கிளை விற்றாயிற்றா என்று கேட்டாய், நான் மழையைப் பற்றிப் பேசி மழுப்பினேன். அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் வேறு என்ன சொல்வது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை அவரால் படிக்க முடியாது, நான் எதைப் படித்துக் காட்டுகிறேனோ அதுதான் அவருக்குக் கடிதம்.

அப்பாவின் பார்வை முன்பு இருந்ததைவிட மோசம்தான். பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறுப்பு வட்டமாம், ஓரம் மட்டும் தெரிகிறதாம், இது இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ரொட்டி வண்டியின் திறந்த கதவில் சைக்கிளோடு போய் மோதினாரே, அன்று நீ போனில் அழுதுகொண்டே, அதை வித்துத் தொலைம்மா, இல்லாட்டி ஒரு நாள் டிராக்டருக்கு அடியிலேர்ந்துதான் அவரை எடுக்கணும் என்றாய். நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாளுக்குள் விற்றுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். நீ சொன்னது நியாயம், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்தய சைக்கிளைக் கொட்டகையில் கொக்கியில் மாட்டியதிலிருந்து மனிதர் பாதி ஆளாகிவிட்டார். காலையில் போய் அதைத் துடைப்பார், வந்து ஜன்னலோரம் உட்காருவார், ரேடியோவில் பந்தய வர்ணனை வந்தால் அணைத்துவிடுவார். அக்டோபர் பிறந்ததும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், இந்த வருஷம் நான் வலேர்கிட்டப் போகல என்றார்.

நீயே சொல், நாற்பத்தேழு வருடத்தில் ஒரு வருடமாவது தவறியிருக்கிறாரா? நீ பிறந்து மூன்றாம் நாள் என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வலேரின் நினைவுக் கல்லுக்குப் போன மனிதர். சிறு வயதில் உன்னைக் கூட்டிப் போகவில்லை என்று நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் நினைவிருக்கிறது. அப்பாவோடு பந்தயம் ஓட்டிய வலேர், நாற்பத்தேழு வருடம் முன்பு அந்த வருடத்துக் கடைசி ஊர் சைக்கிள் பந்தயத்தில் வளைவில் விழுந்து செத்தபோது அவனுக்கு இருபத்துமூன்று வயது, அப்பாவுக்கும் அதே வயது. அந்த வளைவில் கல் நட்ட ஒன்பது பேரில் இப்போது மிச்சம் மூன்று பேர், அப்பா, ஒமேர், ஃப்ரான்ஸ். வலேரிடம் சொந்தக் காலால் மிதித்துத்தான் போகவேண்டும், கார் கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். பெண்களுக்கு அங்கே வேலை இல்லை என்பது எழுதாத சட்டம், நாங்கள் வீட்டில் சூப் கிண்டுவோம். சென்ற வருடம் ஒமேர் பேட்டரி வைத்த சைக்கிளில் வந்துவிட்டு, அணைச்சுத்தான்டா வச்சிருக்கேன் என்று சத்தியம் செய்ததும் மேட்டில் எல்லாரையும் முந்திப் போனதும் ஊருக்கே தெரியும்.

நான் யோசித்தேன். ஒமேரின் மகள் கத்ரீன், கல்லறைகளைப் பார்க்க வரும் இங்கிலீஷ்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறாளே, அவளிடம் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்று கோழிக் கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை இரவல் வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினேன். முன்னால் நான், பின்னால் நீங்கள் என்றேன். உன் அப்பா அதைத் தடவிப் பார்த்தார், பின் சீட்டில் கை வைத்தார், கையை எடுத்துவிட்டார். நான் யார் பின்னாலயும் ஓட்டமாட்டேன்னு உனக்குத் தெரியாதா என்றார். தெரியாமல் என்ன, குடும்பமே அறிந்த விஷயம்தானே. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் வாங்கப் போனால்கூட அவர்தான் முன்னால், நாம் வாத்துக் குஞ்சு மாதிரி வரிசையாகப் பின்னால். பந்தயக்காரனின் திமிர் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, பெண்டாட்டி முதுகைப் பாத்துக்கிட்டு வர்றதுக்கு அவ்வளவு வெட்கமா என்று கேட்டுவிட்டேன். பாக்கிறதுக்குத்தான் கண்ணு இல்லையே என்றார். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை, சுவரைப் பார்த்து, டயருக்குக் காத்தடிச்சாச்சா என்று கேட்டார்.

மறுநாள், பதினாறாம் தேதி காலை, வலேரிடம் கிளம்பினோம். ஒமேர் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, ஏம்மா கோடெலீவ, அப்ப இன்னைக்கு சூப் யாரு வைக்கிறது என்றார். உங்க பேட்டரிய வைக்கச் சொல்லுங்க என்றேன். ஃப்ரான்ஸ் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பல்செட் நழுவியது. அவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள், நாங்கள் ஆடி அசைந்து பின்னால். இந்த சைக்கிளில் ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சேர்ந்து சுற்றும், ஒருவர் நிறுத்தினால் இருவரும் நிற்கவேண்டும், இது பழகவே எனக்கு இரண்டு கிராமம் ஆயிற்று. சைக்கிள் பாதைச் சந்திப்புகளின் எண்களை அப்பா மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல நான் தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டியிருந்தேன், அது முதல் மழையிலேயே கரைந்து நீலக்குழம்பாகிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு சந்திப்பின் எண் பலகையில் பாதி சேறு, அறுபத்தெட்டை அறுபத்து மூன்று என்று படித்துத் திரும்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பா மூக்கை உறிஞ்சினார். நிறுத்து, இங்க புல்லு வெட்டியிருக்கு, இந்த மழையில புல்லு வெட்டுறவன் இங்கிலீஷ்காரன் மட்டும்தான், என்னைக் கல்லறைக்கே கூட்டிட்டு வந்துட்டியே, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா என்றார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, எல்லாம் அந்த முதல் உலகப் போரில் செத்த இங்கிலீஷ்காரப் பிள்ளைகள். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அதுதான். எனக்குத் திட்டு வாங்கியும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பிச் சரியான பாதைக்கு வந்தோம். கல்லுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலிலிருந்து டிராக்டர்கள் இழுத்து வந்த சேறு சாலை முழுவதும் அப்பிக் கிடந்தது. சேறு என்று எழுதிப் பலகை வைத்திருந்தார்கள், நான் அதை வாய்விட்டுப் படித்து முடிக்கவில்லை, முன் சக்கரம் வழுக்கிவிட்டது. நான் சாலையோர ஓடைக்குள் தலைகுப்புற, என் மேல் சைக்கிள், அப்பா கரையில் மண்டி போட்டபடி. முழங்கால் தண்ணீர்தான், அடி ஒன்றும் பலமில்லை, ஆனால் வாய் நிறையச் சேறு, பேச முடியவில்லை. அப்பா என் பெயரைக் கூப்பிட்டார். ஹில்டே, அந்த மாதிரி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. தவழ்ந்து இறங்கித் தடவித் தடவி முதலில் என் ஷூவைப் பிடித்தார், பிறகு கோட்டை, பிறகு என் முகத்தை இரண்டு கையாலும். பேசு, ஏதாவது பேசு, பேசு என்கிறார். நான் துப்பிவிட்டு, இருங்க, பல்லு எல்லாம் இருக்கான்னு எண்ணிட்டிருக்கேன் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அங்கே அந்த ஓடைக் கரையில் சேற்றில் உட்கார்ந்துதான் சொன்னார். அன்னைக்கும் நான் பின்னாடிதான் இருந்தேன் கோடெலீவ. வலேர் சக்கரத்தை ஒட்டியே போனேன், அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. இதே சேறுதான். அவன் விழுந்தான், நான் ஒதுங்கிப் போயிட்டேன். நிக்கல. எந்திரிச்சு வந்துருவான்னு நெனச்சேன். பந்தயம் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் யார் முதுகையும் பாத்து என்னால ஓட்ட முடியல என்றார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம், இது எனக்குத் தெரியாது. வருடா வருடம் சூப் கிண்டினேனே தவிர, ஏன் இவர் அந்த நாளில் மட்டும் சாப்பிடாமல் தூங்கப் போகிறார் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டேனா? எனக்கு என் மேலேயே வருத்தமாக இருந்தது. இந்தத் தடவை நின்னுட்டீங்கல்ல என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓடைக்குள்ள விழுந்தா நிக்காம என்ன பண்றதாம் என்றார், பிறகு இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். கத்ரீனைக் கார் எடுத்து வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வலேர்கிட்ட கார்லயா என்று முறைத்தார். சைக்கிளைத் தூக்கி நிறுத்தியதும் பின் சீட்டைக் கையால் தேடிப் பிடித்து அவரே ஏறி உட்கார்ந்தார். ஏறு, முன்னாடி பாத்து ஓட்டு என்றார்.

கல்லருகே போய்ச் சேர்ந்தபோது ஒமேர் எங்களைப் பார்த்துவிட்டு, நீங்க சைக்கிள்ல வந்தீங்களா இல்ல கிழங்கு மாதிரி வயல்லேர்ந்து பிடுங்கிட்டு வந்தாங்களா என்றார். கல் என் முழங்கால் உயரம்தான், ஒரு பெயர், ஒரு தேதி, செதுக்கிய சின்னச் சக்கரம், அவ்வளவுதான். நான் என்னவோ தேவாலயம் அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்பா குனிந்து விரலால் பெயரைத் தடவினார், தடவிக்கொண்டே என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொன்னார். ஒமேர் பியர் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, தெரியும்டா நோர்பெர்ட், நாங்க உன் பின்னாடிதான இருந்தோம், நாங்க மட்டும் நின்னோமா என்றார். ஃப்ரான்ஸ் தொப்பியைக் கழற்றினார். நாற்பத்தேழு வருடம் சேர்ந்து வந்து போகிற மூன்று பேரும் இதை அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்து பேசினார்கள் என்றால் நீ நம்புவாயா? பிறகு வழக்கம்போல முதல் மிடறு கல்லுக்கு ஊற்றினார்கள், இரண்டாவதை என்னிடம் நீட்டினார்கள். கசப்பு பியர், அதோடு வாயில் இருந்த சேறும், ஆனாலும் குடித்தேன்.

வீடு திரும்பும்போது அந்தக் கல் பாவிய மேடு இருக்கிறதே, அதில் எனக்கு மூச்சு முட்டியது. அவருக்குத் தெரியாமல் நான் மிதிப்பதை விட்டுவிட்டேன், பெடல்தான் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. சைக்கிள் நிற்கவில்லை ஹில்டே. அதே வேகத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. எழுபது வயதில் உன் அப்பா என்னையும் சேர்த்து அந்த மேட்டில் ஏற்றினார். உச்சிக்கு வந்ததும், நீ பாதியிலேர்ந்து சும்மாதான வந்தே என்றார். வீட்டில் சூப் இல்லை, அதனால் நால்வரும் சேற்றோடு சேறாக உருளைக்கிழங்கு வறுவல் கடையில் போய் நின்றோம், கடைக்காரி நாற்காலிமேல் பழைய பேப்பர் விரித்த பிறகுதான் உட்காரவிட்டாள். அன்றிரவு அப்பா தூங்குவதற்கு முன்னால் இரண்டு தடவை சாப்பிட்டார்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ இரவு வேலைக்குப் போய்விட்டு அப்படியே நூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வருவதாகச் சொன்னாய், அது எனக்குப் பிடிக்கவில்லை, வழியில் நிறுத்திக் கால் மணி நேரமாவது கண்ணை மூடு. ஃபின்னுக்குக் காது வலி என்றாயே, குளித்ததும் நன்றாகத் துவட்டு. அவன் ஷூ நனைந்தால் வெயிலில் வைக்காதே, உள்ளே பேப்பரைத் திணித்து வை, எங்கள் ஷூவை நான் அப்படித்தான் காப்பாற்றினேன். சகல புனிதர் திருநாளுக்காகக் குடும்பக் கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி வாங்கிவிட்டேன், உன் பெயரிலும் ஒன்று வைக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அப்பாவின் பந்தய சைக்கிளை வியாழக்கிழமை விற்றாயிற்று, ரூசலாரேவிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார், அப்பாவே கொக்கியிலிருந்து இறக்கிக் கொடுத்தார். என் சைக்கிளைக் கத்ரீனுக்குக் கொடுத்துவிட்டேன், அதற்கு மாற்றாக அந்த இரட்டை சைக்கிள் இப்போது நம் கொட்டகையில் நிற்கிறது.

இவ்வளவையும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன், அழுத இடத்தை மட்டும் தாண்டினேன், எதையோ விட்டுட்டியே என்றார். கீழே அவரும் கையெழுத்துப் போடுவார், கோடு கோணினால் பொறுத்துக்கொள். உங்கள் மூவர் நெற்றியிலும் என் கட்டைவிரலால் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் உங்களைச் சாலையிலும் வீட்டிலும் காக்கட்டும். ஜூலையில் வரும்போது உங்கள் சைக்கிள்களுக்கு நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். இந்த வீட்டில் இனிமேல் ஒருவர் மட்டும் ஓட்டுகிற சைக்கிள் கிடையாது.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா கோடெலீவ
(பின் சீட்டிலிருந்து) அப்பா நோர்பெர்ட்