அடுப்புக்கு மேல் ஒரு வளைவு

அன்பு மகளுக்கு,

ஜெயித்துவிட்டேன்! என் பொம்மை ரயில் ஏழு பெட்டிகளோடு சமையலறை வளைவைத் தாண்டிவிட்டது. கூடத்துச் சுவர்ப் பலகையில் ஓடிவந்து அடுப்புக்கு மேல் திரும்பும் அந்த இடத்தில்தான், நீ இல்லாத மூன்று வருஷமும் கவிழ்ந்தது. ஒருமுறை பால் பாத்திரத்திலேயே விழுந்தது.

உன் அப்பாவுக்குத் தினமும் அதே பாட்டு. "அவ ரூம் சும்மாதானே கெடக்கு? அங்க போட்டா வளைவு தாராளமா வருமே!"

நான் காது கொடுத்தால்தானே! பெட்டிகளுக்குள் பழைய சாவிகளை ஒட்டிக் கனம் கூட்டினேன். இன்று பத்துச் சுற்று, ஒரு சக்கரம்கூடத் தடம் புரளவில்லை. அப்பாவே விசிலடித்தார்.

உன் அறையில் தண்டவாளத்துக்கு ஏது இடம்? இரட்டைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை நல்ல உயரமாமே? கூடத்தில் நுழையும்போது குனிந்து வரச் சொல்.

உன் அம்மா