இரண்டு முறை நோன்பு திறந்த நாள்

காசாபிளாங்கா,
ரமலான், திங்கட்கிழமை.

இனாஸின் தந்தை ரிஃபஅத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நலமாக வந்து சேர்ந்தேன். அவித்த அவரைக்கொட்டை குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. எண்ணெய் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் நம் மகள் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மருமகன் இத்ரீஸின் நண்பர் நாளைக் காலை கெய்ரோவுக்குப் புறப்படுகிறார். இரவுக்குள் இது உங்கள் கையில் இருக்கும்.

முதலில் என் அசட்டுத்தனத்தைக் கேளுங்கள். விமானத்தில் என் கைக்கடிகாரம் ஆறு அடிக்க ஐந்து நிமிடம் காட்டியது. நம் ஊரில் சூரியன் மறைந்து மக்ரிப் நேரம் ஆயிற்றே என்று பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டேன். பக்கத்து இருக்கை மொராக்கோக்காரி என் தோளைத் தட்டி, "ஏம்மா, உன் நோன்பு மட்டும் கெய்ரோவுலயே எறங்கிடுச்சா? ஜன்னலத் தொறந்து பாரு" என்றாள். மூடியைத் தூக்கினேன். முகம் முழுக்க வெயில்.

நம் தெருவில் பாங்கு சொல்லி, நீங்கள் தண்ணீர் குடித்து முடித்திருப்பீர்கள். அதே சூரியன் இங்கே மேகத்துக்கு மேலே, இறங்க மனமில்லாமல் எங்களோடு வந்துகொண்டிருந்தது. படைத்தவனை நினைத்து உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு நோன்பை ரமலானுக்குப் பிறகு மறுபடி நோற்று ஈடுகட்டிவிடுகிறேன்.

எதிரிலிருந்த திரையில் மொத்தத் தூரம் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. பறந்தது ஐந்தரை மணி நேரம். மதியத் தொழுகை லுஹரை கெய்ரோ விமான நிலையத்தில் தொழுதேன். மக்ரிபுக்கு மகள் வீட்டில் எல்லோரோடும் அமர்ந்து மறுபடி நோன்பு திறந்தேன். அஸ்வானில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கு ரயிலில் பதின்மூன்று மணி நேரம். பெருநாள் தவறாமல் போகிறோம். "பூமியோட அந்தக் கடைசிக்குப் போறவ எனக்கு மகளே இல்ல" என்று இனாஸின் கல்யாணத்தில் சொன்னீர்கள். நானும் ஏழு வருடம் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

சுகப் பிரசவம்தான். பெண் குழந்தை. தூக்கத்தில் புருவத்தைச் சுருக்குவதில் அப்படியே நீங்கள். இனாஸ் கட்டிலில் இருந்தபடி என்னைக் கட்டிக்கொண்டாள், கண் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. "அப்பா..." என்று ஆரம்பித்து, "பிளேன்ல கொஞ்சம் தூங்குனியாம்மா?" என்று மாற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் நாள், பெயர் வைக்க வேண்டும். இத்ரீஸின் தாயார் நான்கு பெயர்களோடு தயாராக இருக்கிறார். "வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க மாமி" என்று இவள் தள்ளிப்போடுகிறாள். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அதே விமானத்தில் இடம் இருக்கிறதாம். வர முடியாவிட்டால் கோபம் என்று சொல்லுங்கள், மூட்டுவலி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தூரம் என்று மட்டும் இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் கால்களுக்குப் பலத்தையும் மனதுக்கு இளக்கத்தையும் தரட்டும்.

வழிபார்த்திருக்கும்,
ஸுஹைர்